காரிமங்கலத்தில் 52 செவ்வாய்க்கிழமைகள்

அமெரிக்காவில் இரண்டாயிரம் பேர் வசிக்கிற குட்டி ஊருக்குக்கூட மேயர் உண்டு. வருஷம் முடிந்ததும் அவர் கோட்டு மாட்டிக்கொண்டு மேடையேறி, இத்தனை தெருவுக்குத் தார் போட்டோம், நூலகத்துக்குக் கூரை மாற்றினோம், பனி அள்ள ஒரு வண்டி வாங்கினோம் என்று ஊராரிடம் ஒப்பிப்பது பல இடங்களில் வழக்கம். ஊரார் கைதட்டுவார்கள். அல்லது எழுந்து நின்று கேள்வி கேட்பார்கள். அப்புறம் காபி.

நம் ஊரில் மேயர் என்றால் மாநகராட்சி. அங்கி, கழுத்தில் தங்கச் சங்கிலி, முன்னால் ஓடும் டவாலி. பேரூராட்சிக்கு அதெல்லாம் கிடையாது. அங்கே இருப்பவர் பேரூராட்சி மன்றத் தலைவர். ஜனங்கள் வாயில் 'சேர்மன்'. சங்கிலி வேண்டுமானால் சொந்தச் செலவில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். 2022 தேர்தலின்போது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள். அதில் ஒன்று தர்மபுரி மாவட்டத்துக் காரிமங்கலம். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் சரி, அவர் வருஷக் கடைசியில் மேடையேறினால் ஊர் என்ன கேட்கும்? இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை தர்மபுரியில் பஸ் ஏறினேன்.

தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது ஊர். ஸ்ரீநகரில் கிளம்பி கன்னியாகுமரியில் முடிகிற 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை (பழைய ஆட்களுக்கு இன்னும் அது என்.எச்.7தான்) ஊரை உரசிக்கொண்டு போகிறது. சேலத்திலிருந்து பெங்களூர் பறக்கிற ஆசாமிகளுக்குக் காரிமங்கலம் என்பது பச்சைப் போர்டில் ஒரு பெயர். ஒரு கொட்டாவி விடுவதற்குள் தாண்டிவிடும். சுற்றுவட்டாரத்தில் எங்கே திரும்பினாலும் 'அள்ளி'! மாரண்டஅள்ளி, கெரகோடஅள்ளி... கன்னடத்து 'ஹள்ளி' நம் நாக்கில் புரண்டு அள்ளியாகிவிட்டது. ''பேர்லதான் அள்ளி அள்ளிக் குடுத்திருக்காங்க. தண்ணியைக் கிள்ளித்தான் குடுக்கறாங்க'' என்றார் பக்கத்து சீட்டுப் பெரியவர். பஸ் ஜோக்குக்கு இது தேவலை.

செவ்வாய்க்கிழமை போனதற்குக் காரணம் வாரச்சந்தை. ஆடு, மாடு, நாட்டுக்கோழி, தேங்காய், தக்காளி, கயிறு, மண்வெட்டிப் பிடி, அதட்டல், கெஞ்சல் எல்லாம் ஒரே இடத்தில். மாட்டு வியாபாரம் துண்டுக்கு அடியில் நடக்கிறது. இரண்டு பேர் கையைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துப் பிடித்து விலை பேசுகிறார்கள். முகத்தில் ஒரு சலனம் கிடையாது. நம் ஆபீஸில் இன்க்ரிமென்ட் பேச இந்த முறை வந்தால் பக்கத்து சீட்டுக்காரனுக்கு வயிற்றெரிச்சல் மிச்சம். ஆட்டுக்கு எடை மிஷின் கிடையாது. முதுகைத் தடவுகிறார்கள், லேசாகத் தூக்குகிறார்கள், ''பதினாலு கிலோ தேறும்'' என்கிறார்கள். ஆடு மறுத்துப் பேசுவதில்லை.

''எங்களுக்கு வருஷத்துக்கு 365 நாள் கிடையாது சார். 52 நாள்தான்'' என்றார் கயிறு விற்கிறவர். ''அதுலயும் பொங்கலுக்கு முந்தின செவ்வாய் நல்லா இருந்தா, அந்த வருஷமே நல்ல வருஷம்.''

பேரூராட்சியின் வருஷமோ ஏப்ரலில் பிறந்து மார்ச்சில் முடிகிறது. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, அரசு மானியம் என்று வருமானம். இது போக சந்தை, பஸ் ஸ்டாண்ட் சுங்கத்தை ஏலம் விடுவது பேரூராட்சிகளின் வழக்கம். ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, ஆட்டுக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று வருஷம் பூரா சீட்டுக் கிழிக்க வேண்டும். நாலு செவ்வாய் தொடர்ந்து கொட்டினால் ஆள் காலி! வறண்ட சீமையில் ஊரே மழைக்குச் சாமி கும்பிடும்போது, 'செவ்வாய் மட்டும் வேண்டாம்' என்று ஒருத்தர் தனியாகக் கும்பிட்டாக வேண்டிய நிலை. மலைமேல் இருக்கிற அருணேஸ்வரர் பாடு தர்மசங்கடம்தான்.

சந்தைக்கு வெளியே டீக்கடையில், ''சேர்மன் இந்த வருஷம் என்ன செஞ்சார்?'' என்று பொதுவாக ஒரு கல்லை விட்டெறிந்தேன். ஏழெட்டுப் பேர் பதில் சொன்னார்கள். சாக்கடை, தெருவிளக்கு, நாய். அந்தப் பதில்கள் தமிழ்நாட்டின் எந்த டீக்கடையிலும் கிடைக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன். எனக்கு உறைத்தது வேஷ்டியை மடித்துக் கட்டியிருந்த ஒருவர் சொன்னதுதான்: ''திட்டறதுக்காவது இப்ப ஒரு ஆள் இருக்குதுங்க. நடுவுல அஞ்சு வருஷம் அதுவும் இல்லை.''

அவர் சொன்னது சரியான கணக்கு. 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் அறிவித்தார்கள், வேட்புமனுகூட வாங்கினார்கள். இடஒதுக்கீடு சம்பந்தமான வழக்கில் ஹைகோர்ட் எல்லாவற்றையும் ரத்து செய்தது. அப்புறம் வார்டு வரையறை, கொரோனா என்று தள்ளித் தள்ளி, பேரூராட்சிகளுக்கு ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரி 19-ல். மார்ச் 4-ல் கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நடுவில் ஐந்து வருஷத்துக்கும் மேலாகத் தனி அலுவலர் ஆட்சி.

வேடிக்கை என்னவென்றால், காரிமங்கலம் அடங்கிய பாலக்கோடு தொகுதியின் எம்.எல்.ஏ. கே.பி.அன்பழகன் அதே காலத்தில், 2016 முதல் 2021 வரை, உயர்கல்வித் துறை அமைச்சர். ஊருக்கு மந்திரி கிடைத்தார், சேர்மன் கிடைக்கவில்லை. மந்திரியிடம் யூனிவர்சிடி பற்றிப் பேசலாம். தெருமுனை பல்பு ஃப்யூஸ் போனதை யாரிடம் போய்ச் சொல்வது?

தனி அலுவலர்கள் வேலை செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவருக்கு மாற்றல் வரும், போய்விடுவார். சேர்மனுக்கு மாற்றல் கிடையாது. கல்யாணத்துக்கு வந்தாக வேண்டும், சாவுக்கு வந்தாக வேண்டும், சந்தைக்கும் வந்தாக வேண்டும். மூன்று இடத்திலும் மாட்டுவார்.

மாட்டியும் இருக்கிறார்கள். 2022 மார்ச்சில் போட்ட மாலை காய்வதற்குள், ஏப்ரல் பிறக்கும்போது மாநிலம் பூரா சொத்து வரி உயர்வு. 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-ஐத் தாண்டினால் 100 சதவீதம். முடிவு செய்தது சென்னைக் கோட்டை. முதல் வசவு வாங்கியது, பேர் சொல்லிக் கூப்பிடுகிற தூரத்தில் இருந்த சேர்மன்கள்.

ஆனால் காரிமங்கலத்தில் அப்படி ஒரு மேடை போட்டால் நான் கைதூக்கிக் கேட்கப்போவது விளக்கும் இல்லை, வரியும் இல்லை. தண்ணீர்.

சந்தையில் தேங்காய் விற்ற அம்மாவிடம் ஏதோ தமாஷாகச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் மட்டை உரித்துக்கொண்டிருந்த மகனுக்கு என் வயசு இருக்கும். ''அம்மா அப்படித்தாங்க. போட்டோவுலகூட வாயைத் தொறக்காது'' என்றார். பிறகு தன் பல்லைக் காட்டினார். பழுப்புக் கோடுகள். ''எனக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல, கேட்டதுக்கெல்லாம் தலையைத்தான் ஆட்டினேன்.''

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறைப் பூமி. போர் போட்டால் வருகிற தண்ணீரில் பாறையிலிருந்து கரைந்த ஃப்ளோரைடு பல இடங்களில் அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் எல்லை. அதைத் தாண்டிய தண்ணீரைக் குழந்தையில் குடித்து வளர்ந்தால், பல் உருவாகும்போதே கறை உள்ளே இறங்கிவிடும். எந்தப் பேஸ்ட்டுக்கும் போகாது. வருஷக்கணக்கில் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகும். தண்ணீரைக் காய்ச்சினாலும் பிரயோஜனமில்லை.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் கடன், சுமார் 1,928 கோடி ரூபாய். 2008 பிப்ரவரியில் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் பெரிய ரகளை நடந்தது. 2013 மே மாதம் ஜெயலலிதா திறந்துவைத்தார். இரண்டு மாவட்டத்துக் கிராமங்களோடு 3 நகராட்சி, 17 பேரூராட்சிக்கும் காவிரித் தண்ணீர். அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது பால்பல் விழுந்து புதுப்பல் வந்தாயிற்று. ஊரின் ஆண்டறிக்கையை அந்த வாய்களில்தான் படிக்க வேண்டும்.

இதில் சேர்மனுக்கு ஒரு தலைவலி. தண்ணீரை எடுத்துச் சுத்தம் செய்து தொலைதூரம் அனுப்புவது குடிநீர் வடிகால் வாரியம். ஊர்த் தொட்டிக்கு வந்ததைத் தெருக்குழாயில் விடுவது பேரூராட்சி. வழியில் எங்கோ குழாய் உடைந்தால், ஒகேனக்கல்லில் கரண்ட் போனால், காரிமங்கலத்தில் குடம் காலி. குடத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் வாரியத்துக்குப் போக மாட்டார்கள். சேர்மன் வீட்டுக்குத்தான். உடனே சமாளிக்க ஒரே வழி, பழைய போர் தண்ணீரைக் கலந்துவிடுவது. மாவட்டத்தில் பல ஊர்களில் கேட்கிற புகார் இது. குடமும் நிறையும், சத்தமும் அடங்கும், ஃப்ளோரைடும் வீட்டுக்குள் வரும்.

பி.காம். படித்த தோஷம், எனக்கு எதைப் பார்த்தாலும் கட்டம் போட்டுக் கணக்கு எழுதத் தோன்றும். வருஷத்தில் ஒகேனக்கல் தண்ணீர் எத்தனை நாள், போர் தண்ணீர் எத்தனை நாள், கலந்தது எத்தனை நாள், அதில் ஃப்ளோரைடு எவ்வளவு. ஒரே ஒரு ஷீட். சந்தை வாசலில் ஒட்டினால் போதும். எத்தனை லட்சத்துக்கு ரோடு போட்டோம் என்பதை மழைக்கு அப்புறம் ரோடே சொல்லிவிடும்.

நாலு மணிக்கு சந்தை கலைய ஆரம்பித்தது. தரையெல்லாம் தழை, சாணி, தேங்காய் நார்; துப்புரவு ஆட்களுக்கு புதன்கிழமை விடிவது சிரமம்தான். வெள்ளை வேஷ்டிக்காரர் ஒருவர், கவுன்சிலராம், பைக்கை உருட்டிக்கொண்டு நழுவப் பார்த்தார். வெறுங்கூடையோடு வந்த ஒரு பாட்டி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டுவிட்டார்.

''நாளைக்கு ஆள் அனுப்பறேன் பாட்டி.''

''போன வாரமும் நாளைக்குன்னுதானே சொன்ன?''

''மோட்டார்ல கோளாறு. போன் பண்ணிச் சொல்லியிருக்கேன்.''

''சரி கண்ணு. அடுத்த செவ்வாய் இங்கதான் உக்காந்திருப்பேன். நீ எந்தப் பக்கமா போறேன்னு பாக்கறேன்.''

அவர் சிரித்துக்கொண்டே ஒரு கும்பிடு போட்டார். பாட்டி ஹேண்டில்பாரை விடவில்லை.