வேட்பாளரின் மதம்

அமெரிக்க அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, அரசுப் பதவிக்கு மதத்தைத் தகுதியாக வைக்கக் கூடாது என்கிறது. சட்டம் தடுத்ததை வாக்காளர்கள் பலர் தாங்களாகவே செய்துவந்தார்கள். 1928இல் நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித் அதிபர் தேர்தலில் நின்றார். பெரிய கட்சி ஒன்று நிறுத்திய முதல் கத்தோலிக்கர் அவர். ஹட்சன் ஆற்றின் அடியில் புதிதாகத் திறந்திருந்த ஹாலண்ட் சுரங்கப்பாதையில் அவர் நிற்கும் படத்தைச் சுற்றுக்கு விட்டு, போப்பாண்டவர் வந்திறங்க ரோம் வரை தோண்டும் வழி இது என்று கதை கட்டினார்கள். அதை நம்பியவர்களும் இருந்தார்கள் என்பதுதான் வேதனை. ஓக்லஹோமாவில் அவர் ரயில் போன பாதையோரம் மிரட்டலாகச் சிலுவைகள் எரிந்தன. எதிர்த்து நின்ற ஆளுங்கட்சி வேட்பாளர் ஹூவரிடம் ஸ்மித் தோற்றார், நாடு செழிப்பாக இருந்ததும் அதற்குக் காரணம்.

1960 செப்டம்பர் 12 அன்று, அதிபர் தேர்தலில் நின்ற இன்னொரு கத்தோலிக்கர் ஜான் கென்னடி, ஹூஸ்டனில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன் நின்று, போப்பாண்டவர் ஆட்டுவிப்பாரோ என்ற அதே சந்தேகத்துக்குப் பதில் சொன்னார். துணிச்சலான பேச்சு அது. நூலிழையில் வென்றார்.

கேள்வி ஓயவில்லை, ஆள்தான் மாறினார். 2006இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தேர்வான முதல் முஸ்லிம் கீத் எலிசன், உறுதிமொழிச் சடங்கில் குர்ஆன் மீது கைவைக்கப்போவதாகச் சொன்னதும் கண்டனம் கிளம்பியது. அவர் கைவைத்த பிரதி, தாமஸ் ஜெஃபர்சன் வைத்திருந்த குர்ஆன் மொழிபெயர்ப்பு.