வாத்தியாரின் எடைக் கணக்கு

மார்ச் 21, 2025, வெள்ளி

கே.கே. நகர் கணக்கு வாத்தியார் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றாலும் டைரியிலிருந்து ஓய்வு பெறவில்லை. இன்றைய பேப்பரில், மௌன்ஜாரோ இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டதாகச் செய்தி. வாரத்துக்கு ஒரு ஊசி. உள்ளே டிர்செபடைட் மருந்து. 72 வாரச் சோதனையில் சராசரியாக 20.9 சதவீதம் வரை எடை குறைந்ததாம். அவர் எடை 94 கிலோ. பெருக்கினார்: 19.6.

"இருபது கிலோ போயிடுமாம்!"

"மொதல்ல சர்க்கரை குறையட்டும்ங்க" என்றது சமையலறை.

மார்ச் 23, ஞாயிறு

உழவர் சந்தையிலிருந்து கீரையோடு வந்தவர், மகனின் போனில் சோதனை விவரத்தைப் படித்தார். பெயர் சர்மவுண்ட்-1. 2022-இல் முடிவு வெளியானது. ஒன்பது நாடுகளில் 2,539 பேர். அதில் இந்தியாவும் உண்டு. ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. சாப்பாடு, நடை பற்றிய ஆலோசனை இரு தரப்புக்கும் பொது. வெறும் ஊசிக்காரர்களுக்கும் 3.1 சதவீதம் இறங்கியது. அதைக் கழித்தால்தான் மருந்தின் சொந்த மார்க் தெரியும். வாத்தியாருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது.

அடுத்த வரியில் இடறினார்: சர்க்கரை நோய் உள்ளவர்களை இந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. பதினான்கு வருடமாக மெட்ஃபார்மின் விழுங்குகிறவர், இத்தனை நேரம் வேறு வகுப்பின் மார்க்கைத் தன் பெயரில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

மார்ச் 24, திங்கள்

அவருடைய வகுப்பு சர்மவுண்ட்-2. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 938 பேர், 2023-இல் முடிவு. உயர்ந்த அளவு மருந்துக்கு 14.7 சதவீதம், வெறும் ஊசிக்கு 3.2. தொண்ணூற்று நான்கு கிலோவுக்கு 13.8. ஒரே இரவில் ஆறு கிலோ லாபம் காணாமல் போனது! இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. தலைப்பில் 20.9 போடுகிறவர்கள் இவர்களுக்காகப் பக்கத்தில் 14.7-ம் போட்டால் என்ன?

குமட்டல், வயிற்றுப்போக்கு பற்றியும் குறித்துக்கொண்டார். பெரும்பாலும் அளவைக் கூட்டும்போது வருமாம்.

மார்ச் 29, சனி

ஊசியை நிறுத்தினால்? சர்மவுண்ட்-4 இதற்கென்றே நடந்தது. 36 வாரம் எல்லோருக்கும் மருந்து. பிறகு பாதிப்பேருக்குத் தெரியாமலே வெறும் ஊசிக்கு மாற்றினார்கள். அடுத்த 52 வாரத்தில் அவர்கள் எடை 14 சதவீதம் ஏறியது.

5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். நான்கு வாரத்துக்கு 17,500. பென்ஷன் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் கேட்க ஒரு துண்டுச்சீட்டு: "எத்தனை வருஷம் போடணும்?" கீழே மனைவியின் கையெழுத்தில் இன்னொரு வரி: "காலையில் ரெண்டு காபி."