மாடிக்கு எத்தனை பாய்?

காட்டுப்பாக்கம் என்று சொன்னால் பட்டணத்துக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. "போரூர் தாண்டி, பூந்தமல்லிக்கு முன்னாடி" என்று சொன்னால்தான் "ஓ, அங்கேயா!" என்பார்கள். நாங்கள் 2012-ல் இங்கே வீடு கட்டி வந்தபோது எங்கள் தெருவில் மொத்தம் ஏழே வீடுகள். சாயங்காலம் ஆனால் மாடுகள்தான் தெருவுக்குச் சொந்தக்காரர்கள். இப்போது காலி மனை என்று ஒன்றைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மவுண்ட் - பூந்தமல்லி சாலையில் மெட்ரோ ரயிலுக்காகத் தூண்கள் எழும்பி, எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு ஸ்டேஷனும் வந்துவிட்டது.

ஊருக்கென்று தனியாகப் பெருமை பேச எதுவும் இல்லை என்றாலும், சுற்றிலும் பெருமைக்குக் குறைவில்லை. ஒரு பக்கம் மாங்காட்டுக் காமாட்சி, இன்னொரு பக்கம் திருவேற்காட்டுக் கருமாரி. பூந்தமல்லி திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர், குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர், திருமழிசை ஆழ்வார் பெயரிலேயே இருக்கிறது. போரூர்ப் பக்கம் போனால் ராமச்சந்திரா ஆஸ்பத்திரி. நெடுஞ்சாலை நெடுகக் கல்யாண மண்டபங்கள். ஆக, சாமி கும்பிட, வைத்தியம் பார்க்க, கல்யாணத்துக்கு வர என்று வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு ஓட்டல் ரூமில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச முடியாது, புடவை உலர்த்த முடியாது. "ரெண்டு நாளைக்கு ஒரு வீடு கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் அதிகம்.

இப்படித்தான் 2018-ல் எங்கள் மாடிப் போர்ஷனை நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தோம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சின்னச் சமையலறை, ஒரே ஒரு பாத்ரூம். கேஸ் அடுப்பு, குக்கர், தோசைக்கல், நாலு தட்டு, நாலு டம்ளர். ஒரு நாளைக்கு 2,000 ரூபாய். பெண்ணின் படிப்புக்கு ஆகட்டும் என்று அந்தப் பணத்தைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு வந்தேன். வீட்டிலேயே இருந்துகொண்டு நாலு காசு பார்க்கிறோமே என்று எனக்கும் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

எத்தனை பேர் வரலாம் என்று மட்டும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

2023 ஆவணி மாதம். ஒரு கல்யாண வீட்டார், பிள்ளை வீட்டுக்குச் சொந்தக்காரர்கள், போன் செய்தார்கள். "பெரியவங்க நாலு பேர், குழந்தைங்க ரெண்டு. சனி, ஞாயிறு ரெண்டு நாள்தான்மா" என்றார்கள். சரி என்றேன். சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் ஒரு வேன், பின்னால் ஒரு கார். வேனிலிருந்து இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கோலப் பொடி டப்பாவும் கையுமாக நான் அப்படியே நின்றுவிட்டேன். எண்ணிப் பார்த்தால் பதினேழு பேர்!

உள்ளே போய் இவரிடம் சொன்னால், "நீயே கேளு, நீதானே பேசினே" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். என் மாமியார்தான் பதறிப் போனார். "ஏண்டி, வாசல்ல நின்னு தலையை எண்றியா? கல்யாணத்துக்கு வந்தவங்கடி. கண்ணு பட்டுடப் போகுது!"

அத்தைக்கு ஒரத்தநாட்டுப் பக்கம். அங்கே முக்தாம்பாள் சத்திரம் என்று இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய பெரிய சத்திரம் இருக்கிறது. ராமேஸ்வரம் போகிற யாத்திரைக்காரர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் அங்கே சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து அனுப்பினார்களாம். பள்ளிக்கூடம்கூடச் சத்திரத்தோடு நடந்ததாம். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் என் மாமியார். வந்தவர்களை எண்ணுவது என்றாலே அவருக்குப் பாவம். நியாயம்தான். ஆனால் சத்திரத்துக்கு மன்னர் மானியமாக ஊர்களை எழுதி வைத்திருந்தார். எனக்கு இருப்பது மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்று.

தயங்கித் தயங்கி மாடிக்குப் போய், "ஆறு பேர்னு சொன்னீங்களே..." என்று இழுத்தேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தங்கறது ஆறு பேர்தாம்மா. மத்தவங்க குளிச்சிட்டு மண்டபத்துக்குப் போயிடுவாங்க" என்றார். குளிப்பதுதானே விஷயமே! அதை எப்படிச் சொல்வது? "சரிங்க" என்று இறங்கி வந்துவிட்டேன். ராத்திரி ரிசப்ஷன் முடிந்து பார்த்தால் பதினேழு பேரும் மாடியில்தான். வராந்தாவில்கூட ஜமுக்காளம் விரித்துப் படுத்திருந்தார்கள்.

இங்கே தண்ணீர்க் கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது அரசாங்கக் கணக்கு. ஆறு பேருக்கு 810 லிட்டர், என் டேங்குக்குள் அடங்கிவிடும். பதினேழு பேருக்கு 2,295 லிட்டர்! செம்பரம்பாக்கம் ஏரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 24 அடி ஆழம், மூன்றரை டி.எம்.சி.க்கு மேல் தண்ணீர் பிடிக்கும். 2015 டிசம்பரில் அது திறந்துவிடப்பட்டு அடையாற்றில் வெள்ளம் போனதையும் பார்த்தோம், 2019 கோடையில் அது காய்ந்து வெடித்துக் கிடந்ததையும் பார்த்தோம். இரண்டு சமயத்திலும் எங்கள் தெருவில் தண்ணீருக்கு லாரிதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம். நாலரை மணிக்கே எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஐந்தரைக்கு மேலேயிருந்து ஒரு கூச்சல். பிள்ளைக்கு அத்தை முறை ஆகிற அம்மாள் முகம் முழுக்க சோப்போடு பாத்ரூமில் நிற்கிறார், குழாயில் காற்று வருகிறது. மோட்டாரைப் போட்டேன், அது வெறுமனே இரைகிறது. கீழே சம்ப்பும் காலி. லாரிக்குப் போன் செய்தால் ஒன்பது மணிக்கு மேல்தான் என்றார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவை எழுப்பி, அவர்கள் வீட்டு சம்ப்பிலிருந்து நானும் என் பெண்ணும் இருபது குடம் மாடிக்குச் சுமந்தோம். தாலி கட்டும் நேரத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று எனக்குத் தெரியாது. போகும்போது ஒருவர், "தண்ணி இல்லாத வீட்டை எதுக்கு வாடகைக்கு விடறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். கை வலியைவிட அந்தக் கேள்விதான் வலித்தது.

சாயங்காலம் காலி செய்தபோது பேசிய 4,000 ரூபாயைக் கையில் கொடுத்தார்கள். கூடவே பதினொரு தாம்பூலப் பை. அதிகப்படி வந்த பதினொரு பேருக்குச் சரியாகப் போயிற்று! "பதினைந்து நாளைக்குத் தேங்காய்ச் சட்னி நிச்சயம்" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதன்கிழமை செப்டிக் டேங்க் பொங்கி, கழிவுநீர் லாரி வந்தது. தண்ணீர் லாரி, கழிவு லாரி, உடைந்த ஃபிளஷ் டேங்க், கரை படிந்த மெத்தை உறை எல்லாம் சேர்ந்து வாங்கிய பணத்துக்கு மேலேயே போய்விட்டது. பெண்ணின் ஃபீஸ் கணக்கிலிருந்து எடுத்தேன். "என்னம்மா, நீ கேக்கவே இல்லையா?" என்று அவள் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அவள்தான் ஒரு நாள் எனக்கு அமெரிக்காவில் நடந்ததைப் படித்துக் காட்டினாள். கலிபோர்னியாவில் ஒரிண்டா என்கிற ஊர். 2019 அக்டோபர் 31. காட்டுத் தீப் புகையால் ஆஸ்துமா வந்து அவதிப்படும் உறவினர்கள் பன்னிரண்டு பேர் தங்க வேண்டும் என்று சொல்லி, ஏர்பிஎன்பி மூலமாக ஒரு வீட்டை ஒரே ராத்திரிக்கு எடுத்திருக்கிறார்கள். கூடியதோ நூறு பேருக்கு மேல். விருந்து நடுவே துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து பேர் இறந்து போனார்கள். அதன் பிறகு அந்த நிறுவனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுபிடி செய்து, 2020 ஆகஸ்டில் உலகமெங்கும் பார்ட்டிகளுக்கே தடை போட்டது. 2022-ல் அதை நிரந்தரமாக்கியது.

நம் காட்டுப்பாக்கத்தில் துப்பாக்கி எங்கே வரப்போகிறது! ஆனால் ஒரு விஷயம் உறைத்தது. நம் மாடியில் யார் படுத்திருக்கிறார்கள் என்று நமக்கே தெரியாமல் இருக்கலாமா? வயசுப் பெண் இருக்கிற வீடு. நாளைக்கு ஒரு கேஸ் விபத்து என்றால் தீயணைப்புக்காரரிடம் மேலே எத்தனை பேர் என்று சொல்லக்கூடத் தெரியாது. வெளிநாட்டுக்காரர் யாராவது தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

அதன் பிறகு நான் கொஞ்சம் கறாராகிவிட்டேன். கொஞ்சம் அல்ல, ரொம்பவே. ஆறு பேர் வரை 2,000. அதற்கு மேல் ஆளுக்கு 250. பத்துக்கு மேல் கிடையவே கிடையாது. பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையும் முன்கூட்டியே போனில் அனுப்ப வேண்டும். 2,000 ரூபாய் அட்வான்ஸ், போகும்போது திருப்பித் தந்துவிடுவேன். "எத்தனை பேர்?" என்று கேட்பதை விட்டுவிட்டு "யார் யார்?" என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். எத்தனை என்று கேட்டால் வாய் தன்னால் நாலு என்று சொல்லிவிடும். யார் யார் என்று கேட்டால், "நான், வீட்டுக்காரி, அம்மா, மச்சான்..." என்று உண்மை தானாக வந்துவிடும். வந்து இறங்கும்போது நானே காபியோடு வாசலில் நிற்பேன். டம்ளர் கொடுத்தால் ஆள் கணக்கு தெரிந்துவிடுமே!

இப்படிக் கறாராக இருந்த சமயத்தில்தான், 2024-ல், நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். புருஷனுக்கு ஆபரேஷன். அவளும் அவள் தம்பியும் மட்டும், இருபது நாள் என்று பேச்சு. நீண்ட நாள் என்பதால் வாடகையையும் குறைத்துக் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள் மாடிப்படியில் பார்த்தால் ஐந்து ஜோடி செருப்பு. எனக்குச் சுரீர் என்றது. ராத்திரி பத்து மணிக்கு விறுவிறுவென்று மேலே ஏறினேன்.

ஹாலில் யாருமில்லை. மொட்டை மாடிக் கதவு திறந்திருந்தது. தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் பழைய புடவை ஒன்றை விரித்து ஒரு கிழவி படுத்திருந்தார். கொசுவுக்காக முந்தானையால் முகத்தை மூடியிருந்தார். என் காலடி கேட்டதும் திடுக்கிட்டு எழுந்து, இரண்டு கையையும் கூப்பி, "வெள்ளிபோதானம்மா, வெள்ளிபோதானம்மா" என்றார். போய்விடுகிறேன் என்று சொல்கிறார். எனக்கு அவ்வளவு தெலுங்கு தெரியும்.

நோயாளியின் தாயார் அவர். வார்டில் கூட இருக்க ஒருவருக்குத்தான் அனுமதி என்பதால் மாற்றி மாற்றி இருக்க ஊரிலிருந்து மூன்று பேர் வந்திருக்கிறார்கள். ரூமுக்குள் படுத்தால் அதிகப்படி வாடகை கேட்பார்கள் என்று அந்தப் பெண் மாமியாரை மொட்டை மாடியில் படுக்கச் சொல்லியிருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூட்டிய கேட்டும், செருப்பு எண்ணுகிற நானும் அல்லவா அந்தக் கிழவியை அங்கே படுக்க வைத்தோம்?

கீழே வந்து அத்தையிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பரண் மேலிருந்த கோரைப் பாய்களைச் சுட்டிக்காட்டி, "தலையை எண்ணாதேன்னுதான் சொன்னேன். பாயை எண்ணிக் கொடேன். எத்தனை பாய் வேணும்னு கேட்டா யாருக்கும் வலிக்காது" என்றார்.

மறுநாள் ஐந்து பாய், ஐந்து தலையணை, ஒரு கொசுவலை மேலே போயிற்று. அதிகப்படி பணம் வாங்கவில்லை. ஆனால் தண்ணீரைப் பற்றி ஒளிக்காமல் சொன்னேன்: துணியை ஆஸ்பத்திரிப் பக்கத்து லாண்டரியில் போடுங்கள், குளிக்க ஆளுக்கு ஒரு பக்கெட், ஷவர் வேண்டாம். ஒரு நாளும் மீறவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் அந்தத் தம்பி தானே டேங்குக்குள் இறங்கித் தேய்த்துக் கழுவி விட்டுப் போனான். அவன் மாமா நடந்துதான் படியிறங்கினார்.

ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஒரு கணக்கு, கல்யாணக்காரர்களுக்கு ஒரு கணக்கு என்று இப்போது வைத்திருக்கிறேன். "அப்போ எல்லாரும் ஆஸ்பத்திரின்னு சொல்லிடுவாங்க" என்கிறார் இவர். ஓரிருவர் சொன்னார்கள்தான். பட்டுப்புடவைப் பெட்டியோடு எந்த ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், கண்டுபிடிக்க முடியாதா என்ன!

போன வாரம்கூட திருச்சியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மாங்காட்டில் வேண்டுதலாம். "நாலு பேர்தாம்மா" என்றார்.

"சரிங்க, எத்தனை பாய் எடுத்து வைக்கட்டும்?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. "ஒன்பது போட்டுடுங்க" என்றார்.

"மூணு பேருக்கு 250 வீதம் கூட வருங்க."

"வரட்டும்மா. தண்ணி இருக்குமில்ல?"

லாரிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.