மூன்று பேருக்குப் புட்டு

மாவட்ட நீதிமன்றம் தத்துக் கட்டளை தந்து நாலு வருசம். 1941ஆம் ஆண்டுச் சட்டப்படி அவள் எங்கள் பிள்ளைதான். ஒழுங்கைக்குள் மட்டும் இன்னும் 'எடுத்து வளர்க்கிற பிள்ளை'. தரம் ஒன்றில் சேர்த்தபோது எங்களுக்கிருந்த பயமெல்லாம் அந்தச் சொல்தான். முதல் கிழமை, இடைவேளையில் தனிய இருந்து சாப்பிட்டாளாம். ரீச்சர்தான் சொன்னார், அவள் வாயே திறக்கவில்லை.

நேற்று பள்ளிக்கூட வாசலில் இரண்டு சிநேகிதிகளோடு நின்றாள். ஒருத்தி எங்களை ஏற இறங்கப் பார்த்து, "இவையளோ உன்னை எடுத்தவை?" என்றாள்.

"ஓம், அண்டைக்கே சொன்னனான் தானே."

"சரி, நாளைக்கும் புட்டுக் கொண்டு வா, என்ன."

நாங்கள் ஆக்களுக்கு முன்னால் மென்று விழுங்கிய விசயம் அது. பெருமையில் எங்களுக்குக் கண் கலங்கிப்போச்சு, கொஞ்சம் வெட்கமும்தான். இரவே தேங்காய் துருவி வைத்தோம், மூன்று பேருக்குக் காணுமளவு.