பாக்கு மணக்கும் தேநீர்

நம் கேண்டீனில் 'தே' என்று கேட்டால் என்ன வரும்? கடுஞ்சாயம், கெட்டிப்பால், மேலே ஒரு சாண் நுரை. அதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். பரீட்சைக்கு முந்தின ராத்திரி இரண்டு மணிக்கு என் கண்ணைத் திறந்து வைத்திருந்தது அதுதான். ஆனால் "ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு" என்று மலர்க் குழுவினர் (குழு என்றால் இரண்டே பேர்!) விடாமல் துரத்தியபோது நான் எழுத எடுத்துக்கொண்டது வேறொரு தேநீரை. அதில் பால் கிடையாது, சீனி கிடையாது. வயது மட்டும் உண்டு.

சீனர்கள் தேயிலையை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். பச்சை, வெள்ளை, மஞ்சள், ஊலோங், சிவப்பு, கறுப்பு. இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. நாம் 'பிளாக் டீ' என்று சொல்வது அவர்களுக்குச் சிவப்புத் தேநீர். அவர்கள் கறுப்பு என்பது முற்றிலும் வேறு சரக்கு. யூனான் மாநிலத்துப் புவர் தேயிலையும் (ஈப்போ சீனர் வாயில் அது 'போ லே') குவாங்சி மாநிலத்து லியூ பாவ் தேயிலையும் அந்தக் கறுப்பு வகையைச் சேர்ந்தவை.

நாம் அன்றாடம் குடிக்கும் தேயிலையைப் 'புளிக்க வைத்தது' என்று புத்தகத்தில் படித்திருப்போம். உண்மையில் அதில் புளிப்பே இல்லை. நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பாகிறதே, அதே கதைதான். இலையில் உள்ள நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேருகிறது, அவ்வளவே. நுண்ணுயிருக்கு அங்கே பெரிய வேலை இல்லை. கறுப்புத் தேயிலையில்தான் நிஜமாகவே தோசை மாவு விவகாரம் நடக்கிறது! பறித்த இலையைச் சட்டியில் வாட்டி, உருட்டி, ஈரத்தோடு குவித்து வைக்கிறார்கள். பூஞ்சை, ஈஸ்ட், பாக்டீரியா எல்லாம் குடியேறி வேலையைத் தொடங்கும். குவியலின் உள்ளே சூடு 50, 60 டிகிரி வரை ஏறும். ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கிப் புரட்டிப் போட வேண்டும். மாவுக்கு ஒரு ராத்திரி போதும், இதற்கு ஒன்றரை மாதம், சில சமயம் அதற்கும் மேலே. பச்சை இலையின் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு இதில் மெல்ல மெல்லக் கரைந்து, சாயம் செம்பழுப்பாகி, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குகிற ஒரு பதம் வருகிறது.

புவர் தேயிலைக்கு இந்தக் குவியல் முறையை 1973-இல் குன்மிங் தேயிலைத் தொழிற்சாலையில் வகுத்தார்கள். அதற்கு முன்பெல்லாம் வட்ட வட்ட அடையாக அழுத்தி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். பத்து வருஷம், இருபது வருஷம். இப்போதும் அப்படிக் காத்திருக்கும் ரகம் தனியாக உண்டு. ஓர் அடை 357 கிராம். ஏன் இந்தக் கிறுக்குக் கணக்கு என்று நானும் யோசித்தேன். ஏழு அடைகளை ஒரு மூங்கில் மட்டையில் கட்டுவார்கள். ஏழால் பெருக்கிப் பாருங்கள், இரண்டரைக் கிலோவுக்கு ஒரு கிராம் குறையும்!

புவருக்குத்தான் உலகப் புகழ். 2007-இல் அதன் விலை தாறுமாறாக ஏறி, அதே ஆண்டில் தடாலென்று விழுந்து பலரைக் கடனாளியாக்கியது. நமக்குச் சொந்தக்காரன் புவர் அல்ல, லியூ பாவ். கந்தோனீஸில் 'லுக் போ'. குவாங்சியில் வூசௌ நகரத்துப் பக்கம் லியூ பாவ் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே செய்த இலையை ஆவியில் வேகவைத்து, பெரிய மூங்கில் கூடைகளில் அழுத்தி, படகில் ஏற்றி, ஆற்றோடு குவாங்சௌ, ஹாங்காங் வழியாக அனுப்பினார்கள். எங்கே? இதோ இங்கே, நம் கிந்தா பள்ளத்தாக்குக்கு. ஈயச் சுரங்கத்துக் கூலிகள் குடிக்க.

(உலோகவியல் படிக்கிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். சுரங்கத்தில் எடுத்தது வெள்ளீயம். பேச்சு வழக்கில் நாம் ஈயம் என்கிறோம்.)

இடுப்பளவு தண்ணீரிலும் சேற்றிலும் நின்று வேலை செய்தவர்களுக்கு இந்தத் தேநீர் உடம்பின் ஈரத்தையும் சூட்டையும் எடுக்கும் என்பது சீனர்களின் நம்பிக்கை. என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. தேநீர் போட வேண்டுமானால் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். சுரங்கக் கொட்டகையில் கொதித்த தண்ணீரே பாதி மருந்து. எப்படியோ, மலிவான, முரட்டு இலை. பெரிய கெட்டிலில் ஒரு கை அள்ளிப் போட்டால் பகல் முழுக்க ஓடும்.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த விஷயம் இல்லை. என் தாத்தா ஈயக் கப்பலில் வேலை பார்த்தவர். ஈயக் கப்பல் கடலுக்குப் போகாது. தானே தோண்டிய குளத்தில் தானே மிதந்துகொண்டு, சங்கிலியில் கோத்த வாளிகளால் மண்ணை அள்ளி அள்ளி அலசும் ராட்சசன். பார்க்காதவர்கள் பத்து காஜா பக்கம் போய் வாருங்கள். 1938-இல் கட்டி 1982 வரை ஓடிய கப்பல் ஒன்று அங்கே நிற்கிறது, 4,500 டன் எடை. மெக்கானிக்கல் மாணவர்கள் அதைப் பார்க்காமல் டிப்ளோமா வாங்கினால் அது அநியாயம்.

தாத்தாவின் கப்பலில் ஒரு சீனர் பிட்டராக இருந்தார். தாத்தா இன்றுவரை அவரைப் 'பிட்டர்' என்றுதான் சொல்லுவார். இவருக்குச் சீனம் வராது, அவருக்குத் தமிழ் அரைகுறை. நடுவில் பாசார் மலாய். அந்தப் பிட்டருடைய எனாமல் கெட்டிலில்தான் தாத்தா இருபது வருஷத்துக்கு மேல் லுக் போ குடித்தார். 1985 அக்டோபரில் அனைத்துலக வெள்ளீய மன்றம் கையில் காசில்லாமல் படுத்தது, லண்டன் சந்தையில் வெள்ளீய வியாபாரமே நின்றது, விலை பாதிக்குக் கீழே போனது. கிந்தாவில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. 1986-இல் தாத்தாவுக்கும் பிட்டருக்கும் ஒரே நாளில் கணக்கு முடித்தார்கள். அன்றைக்குப் பிட்டர் வீட்டிலிருந்து ஒரு மண் சாடி கொண்டு வந்து கொடுத்திருக்கிறார், நிறைய இலை. தாத்தா அதை வாங்கி அலமாரி மேல் வைத்தவர்தான். "குடிக்கக் கூட ஆள் வேணுமில்ல?" என்பார். அந்த ஆளை அதற்கப்புறம் அவர் பார்க்கவே இல்லை.

போன தீபாவளிக்கு வீடு வெள்ளையடிக்கும்போது அம்மா அந்தச் சாடியை இறக்கினார். குப்பைக்குப் போக வேண்டியது. மூடியைத் திறந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"என்னடி இது, எங்கம்மா வெத்தலைப் பொட்டி மாதிரி வாசம் அடிக்குது!"

நண்பர்களே, அம்மாவுக்குச் சீனத் தேநீர் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆனால் நல்ல லியூ பாவ் தேயிலைக்குச் சீனர்கள் வைத்திருக்கும் இலக்கணமே 'பாக்கு மணம்' என்பதுதான்! இதை ஈப்போ பழைய டவுனில் தேயிலைக் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் இலையைப் பொட்டலம் கட்டி அவரிடம் எடுத்துப் போனேன். முகர்ந்தார். வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

"தங்கச்சி, யார் குடுத்தது?" என்றார். (தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவராம், அவர் தமிழ் நம் சிலர் தமிழைவிடப் பரவாயில்லை.)

"எங்க தாத்தாவோட கூட்டாளி, அங்கிள். எத்தனை வருஷத்துச் சரக்கு இது?"

"1986-க்கு முன்னே. அவ்ளோதான் சொல்ல முடியும். அதுக்கு மேலே சொல்றவன் பொய் சொல்றான்."

அந்தப் பதிலால்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பழசு என்ற பெயரில் இந்த வியாபாரத்தில் நடக்கும் பித்தலாட்டம் கொஞ்சமல்ல. புது இலையை ஈரக் கிடங்கில் போட்டு வேக வேகமாகக் கறுக்க வைத்து, முப்பது வருஷம் என்று லேபிள் ஒட்டுகிறார்கள். கண்டுபிடிக்க அவர் காட்டிய வழி எளிது. அப்படி அவசரப்படுத்தின சாயம் கலங்கலாக இருக்கும், தொண்டையைச் சுரண்டும், ஊறின இலையைக் கையில் எடுத்தால் கரி மாதிரி விறைப்பாகவோ கூழாகவோ இருக்கும். நிஜமாக வயதான தேநீர் அடர் சிவப்பாக இருந்தாலும் கிண்ணத்தின் அடி தெரியும். ஊறின இலை மெத்தென்று விரியும்.

பிறகு அவர் சொன்ன விலையில் எனக்குத் தலை சுற்றியது. சாடியில் ஒரு கிலோ நானூறு கிராம் இருந்தது. மொத்தத்துக்கும் மூவாயிரத்து ஐந்நூறு ரிங்கிட். என் லேப்டாப் உயிரை விட்டு மூன்று வாரம், இறுதியாண்டு புரொஜெக்ட் பாதியில் நிற்கிறது, அப்பாவுக்கு ஓவர்டைம் இல்லை. வீட்டில் பேச்சு எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மா "வித்துடலாம்" என்றார். அப்பா "அவர் பொருள், அவரைக் கேளு" என்றார்.

தாத்தாவிடம் கேட்டேன். "பிட்டர் விக்கச் சொல்லிக் குடுக்கலியே பாப்பா" என்றார். அதோடு சாய்வு நாற்காலிக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நானே அந்த இலையைப் போட்டேன். கடைக்காரர் மூடிக் கிண்ணம் ஒன்று இரவல் கொடுத்திருந்தார். முதல் தண்ணீரைக் கீழே கொட்டப் போனபோது தாத்தா சட்டென்று எழுந்து வந்தார். "முதல் தண்ணி கப்பலுக்கு" என்றார். பிட்டர் தினமும் கெட்டிலின் முதல் தண்ணீரைக் கப்பல் விளிம்பிலிருந்து குளத்தில் ஊற்றிவிட்டு இப்படிச் சொல்லுவாராம். நான் முதல் தண்ணீரை வாசல் செம்பருத்திக்கு ஊற்றினேன். "இத்தனூண்டு கிண்ணத்துல என்னத்தைக் குடிக்கிறது?" என்று தாத்தா தம்முடைய எனாமல் குவளையை நீட்டினார். ஐந்தாறு கிண்ணம் அதில் ஊற்றின பிறகுதான் வாயில் வைத்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. குவளை காலியான பிறகு சொன்னார்: "பாதியை வித்துக்க. படிக்கிற புள்ளைக்குன்னா அவனே குடுத்துருப்பான். பாதி இருக்கட்டும்."

அப்படித்தான் எழுநூறு கிராம் போயிற்று. மிச்சம் எழுநூறு கிராம் இருந்தது.

சரி, போடுவது எப்படி? 100 மில்லி கிண்ணத்துக்கு 5 கிராம் இலை. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். பச்சைத் தேநீருக்குச் செய்வதுபோல ஆற வைத்த தண்ணீரை ஊற்றினால் இந்தக் கிழவன் வாயே திறக்க மாட்டான். முதல் ஊற்று ஐந்து விநாடியில் வெளியே, அது தூசியைக் கழுவவும் இலையை எழுப்பவும் (கப்பலுக்கு!). அடுத்தது பத்து விநாடி. பிறகு ஒவ்வொரு தடவையும் ஐந்தோ பத்தோ விநாடி கூட்டிக்கொண்டே போகலாம். ஒரே இலை பத்துத் தடவை தாங்கும். களிமண் குஜா இருந்தால் இன்னும் நல்லது. விடுதி அறையில் எனக்கு வாய்த்தது மூடி போட்ட ஒரு கோப்பைதான், அதுவே போதும்.

ருசியைச் சொல்லச் சொன்னால் கஷ்டம். முதல் இரண்டு ஊற்றில் மழை பெய்த மண், பழைய மரப்பெட்டி. மூன்றாவதில்தான் பாக்கு வரும். வெற்றிலையோடு மெல்லும் ஈரப்பாக்கு அல்ல, உலர்ந்த கொட்டைப்பாக்கைக் கத்தரியில் வெட்டும்போது குப்பென்று எழும் அந்த மணம். நான்கு, ஐந்தில் லேசாகக் கற்பூரக் குளிர்ச்சி, விழுங்கின பிறகு நாக்கின் அடியில் ஓர் இனிப்பு. ஏழுக்கு மேல் சாயம் வெளுத்து, பனைவெல்லம் கரைத்த தண்ணீர்போல ஆகிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஏழும் எட்டும்தான். பத்துக்கு அப்புறம் இலையைத் தூக்கி எறியாதீர்கள். சின்ன வாணலியில் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்க விட்டால் ஒரு கடைசிக் குவளை கிடைக்கும். தாத்தா அதைத்தான் கேட்டு வாங்கிக் குடிக்கிறார், "இதுதான் கப்பல் ருசி" என்று.

யாராவது இந்த இலை வாங்கி வைப்பதாக இருந்தால் ஒரு வார்த்தை. இதற்குக் கொஞ்சம் காற்று வேண்டும், கொஞ்சம் ஈரப்பதம் வேண்டும், வெயில் ஆகாது. நம் ஊர் வெக்கையும் ஈரமும் இதற்கு அளவாக அமைந்ததால்தான், மலேசியாவில் கிடந்து வயதான லியூ பாவைச் சீனாவிலிருந்தே தேடி வந்து வாங்குகிறார்கள். மலிவுச் சரக்காக இங்கே வந்தது, ராஜ மரியாதையோடு திரும்பிப் போகிறது! இலைமேல் மஞ்சள் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சீனர்கள் அதைத் 'தங்கப் பூ' என்று கொண்டாடுவார்கள், அது நல்ல பூஞ்சை. பஞ்சு மாதிரி வெள்ளையாகவோ பச்சையாகவோ படர்ந்து முக்கை வாசம் அடித்தால் யோசிக்காமல் குப்பைக்கு. முக்கியமாக, சமையலறையில் வைக்காதீர்கள். சாம்பார்ப் பொடி, சாம்பிராணி, கருவாடு எல்லாவற்றின் வாசத்தையும் இந்த இலை குடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அந்தச் சாடி அலமாரி மேல் இருந்தது அதன் பூர்வ புண்ணியம்.

இப்போது தாத்தா சாடியில் ஐந்நூற்றைம்பது கிராம் இருக்கிறது. எனக்கென்று ஒரு டின்னில் ஐம்பது கிராம் கொடுத்தனுப்பியிருக்கிறார், பத்துத் தடவை போடலாம். பெண்கள் விடுதி, இரண்டாம் மாடி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கெட்டிலைப் போடுவேன். கெட்டிப்பால் கொண்டு வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை. கிண்ணம் மட்டும் அவரவர் கொண்டு வரவும்.