விலைச்சீட்டில் இல்லாதது

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலுக்கு வந்தால், மருத்துவரைச் சுற்றி நாலு பேர் நிற்பதுபோல நம்மைச் சுற்றியும் நாலு பேர் நிற்பது வழக்கமாகிவிட்டது. மருத்துவரிடம் கையை நீட்டுகிறார்கள். நம்மிடம் கைபேசியை நீட்டுகிறார்கள். "அண்ணே, சார்ஜே நிக்க மாட்டேங்குது." "சார், பையன் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கான், எந்த லேப்டாப் வாங்கலாம்?" "தம்பி, புது டி.வி. வாங்கியிருக்கோம், மாதா டி.வி. எப்படி வைக்கிறதுன்னு சொல்லேன்."

கணினி பழுது பார்ப்பதே பிழைப்பாகிவிட்ட நமக்கு இதில் சலிப்பு ஏதும் இல்லை. ஆனால் கேட்கிற அனைவரும் எதை வாங்கலாம் என்றே கேட்கிறார்கள். வாங்கியபின் அதை வைத்துக் காப்பாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பொருள்கள் எங்கே பிறக்கின்றன என்பதை மறைமலை நகர்வாசிகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. விடியுமுன் ஜி.எஸ்.டி. சாலையில் நின்றால், தூக்கம் கலையாத முகங்களை ஏற்றிக்கொண்டு கம்பெனிப் பேருந்துகள் வரிசையாகச் செல்வதைக் காணலாம். சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பி, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை செல்லும் அந்தப் பாதை நெடுகிலும் கார்களும் தொலைக்காட்சிகளும் குளிர்பதனப் பெட்டிகளும் கைபேசிகளும் உருவாகின்றன. (தனித்தமிழுக்காக வாழ்ந்த மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு மதர்போர்டு, சார்ஜர் என்று எழுத நேர்கிறதே என்ற கூச்சம் நமக்கு உண்டு. 'தாய்ப்பலகை' என்று சொல்லிப் பார்த்தோம். வாடிக்கையாளர் கட்டில் கடைக்குப் போய்விடுவார் போலிருந்தது.)

பிறக்கிற இடம் தெரிந்தவர்களுக்கு இறக்கிற இடமும் தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. நமது ஊரின் அடையாளமாகவே இருந்த ஃபோர்டு ஆலையில் 2022இல் கார் உற்பத்தி முடிந்தது. இன்று அதே வட்டாரத்தில் ஐபோன்கள் கோக்கப்படுகின்றன. 2025இல் வெளிவந்தபோது ஐபோன் 17இன் தொடக்க விலை 82,900 ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவருக்கு அது நான்கைந்து மாத ஊதியம்.

நமது அன்பியத்திற்கு வந்துபோகும் பெண்ணொருத்தி இருக்கிறாள். விழுப்புரம் பக்கத்துப் பிள்ளை. விடுதியில் தங்கி, கைபேசிப் பாகங்கள் செய்யும் ஆலையொன்றில் வேலை செய்கிறாள். கண்ணாடி உடைந்த தன் 9,000 ரூபாய்க் கைபேசியைக் கொண்டுவந்தாள். திரையை மாற்ற 2,800 ஆகும் என்றோம். "ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல ஸ்கிரீன் ஒட்டுறேண்ணே, என் ஸ்கிரீனுக்கு இவ்வளவா?" என்றாள். பதில் சொல்லத் தெரியாமல், கூலியை விட்டுக்கொடுத்து 2,500க்கு மாற்றித் தந்தோம். 2024 செப்டம்பரில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்த நாள்களில் நம்மிடம் யோசனை கேட்டவர்களில் ஒருவராவது குளிர்பதனப் பெட்டி வாங்குவதைத் தள்ளிவைத்ததாக நினைவில்லை. தள்ளிவையுங்கள் என்று நாமும் சொல்லவில்லை.

பெரிய விலைகளைக் கண்டு அஞ்சுகிறவர்கள் சிறிய விலைகளில் ஏமாறுவதுதான் நாம் அன்றாடம் காண்பது. கைபேசிக் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். மாதக் கட்டணம் என்று நாம் நினைத்துக் கட்டுவது 28 நாள் கட்டணம். ஆண்டுக்குப் பன்னிரண்டு முறையல்ல, பதின்மூன்று முறை கட்டுகிறோம். 2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தபோது 239 ரூபாய்த் திட்டம் ஒன்று 299 ஆயிற்று. பதின்மூன்றால் பெருக்கினால் 3,887. நான்கு கைபேசி உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 15,548 ரூபாய். இந்தக் கணக்கை அன்பியக் கூட்டத்தில் ஒரு தாளில் போட்டுக் காட்டியபோது, ஆலைக் காவலராகப் பணிபுரியும் பெரியவர் ஒருவர் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு வந்து, வீட்டில் இரண்டு இணைப்புகளைப் பேச்சுக்கு மட்டுமான திட்டத்திற்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்.

அச்சுப்பொறியின் கதை இதைவிட வேடிக்கையானது. தள்ளுபடியில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குகிறார்கள். அதன் மைப்பேழை ஒன்று ஏறத்தாழ 900 ரூபாய். நூற்றெண்பது பக்கங்களில் வறண்டுவிடும். பக்கத்துக்கு 5 ரூபாய்! தெருமுனை ஜெராக்ஸ் கடையில் 2 ரூபாய். இயந்திரத்தை மலிவாகக் கொடுத்து மையில் சம்பாதிப்பது அந்த வணிகத்தின் பழைய தந்திரம். விலை சற்றுக் கூடுதலான, மையை ஊற்றிக்கொள்ளும் தொட்டி வகையில் ஒரு பக்கத்துக்கு இருபது காசுகூட ஆகாது. ஞாயிறு அறிவிப்புத்தாள் அச்சிடும் பங்கு அலுவலகங்களாவது இதைக் கவனிக்கலாம்.

'வட்டியில்லாத் தவணை' பற்றியும் ஒரு சொல். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013இல் வங்கிகளுக்கு எடுத்துச் சொல்லி, அத்தகைய திட்டங்களைத் தடைசெய்தது. இன்று அது வேறு உருவில் உலவுகிறது. ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடி மறைகிறது; நடைமுறைக் கட்டணம் சேர்கிறது; வட்டியின் மீதான ஜி.எஸ்.டி. தனியே வருகிறது.

இவ்வளவும் சொல்கிற நம்மைப் பங்கில் 'சிக்கனக்காரர்' என்று அழைக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஒன்று உண்டு. நமது மாலைநேரப் பாடசாலையில் நிறுவனமொன்று பயன்படுத்திக் கழித்துக் கொடுத்த எட்டுக் கணினிகள் இருந்தன. சுவரில் புனித கார்லோ அகுதிஸின் படம். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்த வாரத்தில் இளைஞர்கள் ஒட்டியது. நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையதளம் அமைத்து, 2006இல் பதினைந்து வயதில் மறைந்த அந்தப் பிள்ளையின் பார்வையில்தான் எட்டுக் கணினிகளுக்கும் தீர்ப்பு வந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. நமது கணினிகளின் செயலிகள் ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தவை. விண்டோஸ் 11 அவற்றை ஏற்காது. இயந்திரம் பழுதாகவில்லை; பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நின்றது. மேலும் ஓராண்டுக்கு நீட்டித்துக்கொள்ள வழி இருந்தாலும் அதற்கப்பால் இதே கேள்விதான். பங்குப் பேரவையில் எட்டையும் கழித்துவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்றார்கள். ஒன்று 38,000 வீதம் 3,04,000 ரூபாய்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் தூக்கியெறியும் பண்பாட்டைக் கண்டித்திருப்பதைப் பேரவையில் ஒருவர் நினைவூட்டினார். நாம் இறையியல் ஏதும் பேசவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டோம். கட்டணமில்லாத லினக்ஸை நிறுவினோம். கேரளத்துப் பள்ளிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டன. நமக்குத்தான் அது புதிது. சுழலும் வன்தட்டுகளை எடுத்துவிட்டு, ஒன்று 1,800 ரூபாய் வீதம் எஸ்.எஸ்.டி. பொருத்தினோம். எட்டில் ஒன்று எழவேயில்லை. அதன் ரேமைக் கழற்றி மற்றொன்றுக்குக் கொடுத்தோம். அதுவும் நல்லதாயிற்று, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்ள, 2025 கடைசியில் ரேம் விலை கண்டபடி ஏறிவிட்டது. ஏழு கணினிகளுக்குச் செலவு 12,600. டேலி படிக்கும் பிள்ளைகளுக்காக மட்டும் புதிய விண்டோஸ் கணினி ஒன்று வாங்க வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்க முடியவில்லை. தவிர்த்திருந்தால் அது கஞ்சத்தனமாயிருக்கும்.

அறிவிப்பு நேரத்தில் பங்குத்தந்தை நம் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். மக்கள் கைதட்டினார்கள். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையாரும் கைதட்டினார். நமக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

2014 மார்ச்சில் நாம் வேறொருவரின் கடையில் வேலை செய்துவந்தோம். ஒரு மாலை அந்த அக்கா, கணினிப் பெட்டியைப் பழைய புடவையில் சுற்றி, நகரப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கணவர் இறந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. திருமண அழைப்பிதழ், விண்ணப்பம், நினைவஞ்சலி எனத் தட்டச்சு செய்து கொடுத்துப் பிள்ளையை வளர்த்துவந்தார். "ஆன் பண்ணா கருப்பா வந்து நின்னுடுது தம்பி. தேதி ஏதோ 2002ன்னு காட்டுது. மெயிலும் திறக்கலை" என்றார்.

இத்தொழிலில் ஒரு மாதம் பயின்றவனுக்கும் அது என்னவென்று தெரியும். மதர்போர்டில் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாத நேரத்திலும் கணினிக்கு நாளும் கிழமையும் மறவாதபடி காப்பது அதுதான். அது தீர்ந்தால் தேதி பின்னோக்கிப் போகும். தேதி தவறினால் இணையப் பக்கங்கள் திறக்க மறுக்கும். விலை அன்று 30 ரூபாய்.

அன்று மாதக் கடைசி. இன்னும் ஒரு கணினி விற்றால் நமக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை. பெட்டியைத் திறந்து பார்க்கவே இல்லை. "போர்டு போயிருக்கும் அக்கா. இதுல இருக்கிற எக்ஸ்.பி.க்கும் ஏப்ரல் எட்டோட சப்போர்ட் முடியுது. இதுக்குச் செலவு பண்றது வீண்" என்றோம். எக்ஸ்.பி. பற்றிச் சொன்னது உண்மைதான். அந்த உண்மையைப் பொய்க்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தினோம். பழையதற்கு 1,000 ரூபாய் கழித்து, 1,400 வீதம் பதினெட்டுத் தவணையில் புதியதொன்றைக் கொடுத்தனுப்பினோம். இரண்டு நாள் கழித்துப் பழைய பெட்டியில் பேட்டரியை மாற்றினோம், உடனே எழுந்தது. வன்தட்டை அழித்து, புதிதாக நிறுவி, பொத்தேரியில் அறையெடுத்துப் படித்த மாணவர் ஒருவருக்குக் கடை அதை 4,500க்கு விற்றது. அந்த அக்கா பதினெட்டு மாதமும் ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டினார்.

இரக்கத்தின் யூபிலி ஆண்டின் தவக்காலத்தில், 2016இல், ஒப்புரவு அருளடையாளத்தில் இதைச் சொன்னோம். குருவானவர் நீண்ட அறிவுரை ஏதும் கூறவில்லை. "அந்த அம்மாவுக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நம்மால் ஒரு மடங்கையே இரண்டு மாதம் சேர்க்க வேண்டியிருந்தது.

25,200 ரூபாயை உறையிலிட்டுக் கொண்டுபோய், நடந்ததைச் சொன்னோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் உறையைப் பிரித்து எண்ணினார். உள்ளே போய் முப்பது ரூபாய் கொண்டுவந்து நம் கையில் வைத்தார். "அன்னிக்கே மாத்தியிருந்தாலும் பேட்டரிக்குக் காசு கொடுத்திருப்பேன்ல" என்றார். பிறகு கேட்டார்:

"அந்தப் பழைய பெட்டி எங்க தம்பி? பாப்பாவோட புதுநன்மைப் படமெல்லாம் அதுலதான் இருந்துச்சு. அவரும் அதுல இருப்பார். பழசுல இருந்ததைப் புதுசுல போட்டுத் தந்திருப்பீங்கன்னு நினைச்சேன். தேடித் தேடிப் பார்த்தேன். எனக்குத்தான் தேடத் தெரியலைன்னு இருந்துட்டேன்."

பணத்தை எண்ணி வைத்திருந்த நாம் இதை எண்ணியிருக்கவில்லை. மறுநாளே பொத்தேரிக்குப் போனோம். அந்த மாணவர் படிப்பை முடித்துப் போய்விட்டிருந்தார். பில்லில் இருந்த எண் உபயோகத்தில் இல்லை. பெட்டி கிடைத்திருந்தாலும் பயனிருந்திருக்காது என்பது நமக்குத் தெரியும். அழித்த தட்டின்மீது இரண்டாண்டுகள் வேறொருவர் எழுதியபின் அதில் மீட்க ஏதும் இராது. இன்று எந்தக் கணினி வந்தாலும், பழுது என்ன என்று பார்க்குமுன் அதில் உள்ளவற்றைப் படியெடுத்து வைக்கிறோம். அந்த ஒரு வேலைக்குக் கூலி வாங்குவதில்லை.

ஒரு வாரம் கழித்துப் போய், கிடைக்கவில்லை என்று சொன்னோம். அவர் அப்போது ஒரு திருமண அழைப்பிதழைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையசைத்தார். சற்று நேரம் சென்று, "தம்பி, 'அருள் மேரி'ன்னு பிரிச்சு எழுதணுமா, சேர்த்தா?" என்று கேட்டார். சேர்த்தே எழுதலாம் என்றோம்.