வளர ஒரு பருவம், திரள ஒரு பருவம்

வளர்ச்சி வளர்ச்சி என்றே பிள்ளைகளை ஓட வைக்கிறோம். சம்பளம் கூட வேண்டும், பதவி உயர வேண்டும், வீடு பெரிதாக வேண்டும். இந்த ஓட்டம் நின்றுபோகும் நாளை நினைத்தாலே எல்லோருக்கும் பயம். ஓய்வு பெறும் வயதில் நிற்பவர்களுக்கு அந்தப் பயம் இரட்டிப்பு. கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்துத் தலை நரைத்தவன் நான். வளர்ச்சி நின்ற பிறகே ஓர் உயிர் பிறருக்கு முழுதாகப் பயன்படலாம் என்பதை மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையிடம் கற்றுக்கொண்டேன்.

மார்ட்டியரெல்லா என்று அதற்குப் பெயர். ஒரு சிட்டிகை மண்ணைக் கிருமி நீக்கிய நீரில் கரைத்து, படிப்படியாக நீர்க்க வைத்து, உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் அகாரும் சேர்ந்த தட்டில் பரப்பி வைத்தால், சில நாளில் பலவகைப் பூஞ்சைகள் எழும். அவற்றுள் வெள்ளையாக, இதழ் இதழாக, வளையம் வளையமாகப் படர்வது இது. இந்த இனத்தில் பலவற்றுக்குப் பூண்டு வாசனை உண்டு. அதன் இழையைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, சூடான் பிளாக் சாயம் ஏற்றி, சைலீனில் கழுவி, சஃப்ரனின் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், இளஞ்சிவப்பான இழைக்குள் கருநீலப் பொட்டுகள் தெரியும். அத்தனையும் எண்ணெய்த் துளிகள்.

உலர் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு சேர்க்கும் நுண்ணுயிர்களைத் தனி வகையாகவே வைத்துப் பேசுவார்கள். மார்ட்டியரெல்லா அல்பினா பாதி எடை வரை சேர்க்க வல்லது. ஆனால் இளம் இழையில் அந்தப் பொட்டுகளைக் காண்பது அரிது. "ஒண்ணுமே தெரியலையே சார்" என்று மாணவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். "பொறுங்கப்பா, அது இன்னும் வளர்ந்துகிட்டிருக்கு" என்பேன்.

உயிரணு பெருகுவதற்குப் புரதம் வேண்டும். புரதத்துக்குத் தழைச்சத்து வேண்டும். தழைச்சத்து இருக்கும்வரை பூஞ்சை சர்க்கரையைத் தின்று இழை இழையாகப் பரவிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் தழைச்சத்து தீர்ந்து, சர்க்கரை மட்டும் மிஞ்சும். இனிப் பரவ வழியில்லை. அப்போது உயிரணுவுக்குள் ஆற்றல் தரும் சுழற்சி நடுவில் தடைபட்டுச் சிட்ரிக் அமிலம் தேங்குகிறது. தேங்கியது மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே வர, நொதி ஒன்று அதை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் கோக்கப்பட்டுக் கொழுப்பு அமிலங்களாகின்றன. அவை எண்ணெயாகத் திரள்கின்றன. ஒன்று இல்லை என்றானதும் பூஞ்சை முடங்கிவிடவில்லை. இருப்பதை வைத்து வேறொரு வேலையைத் தொடங்கிவிடுகிறது.

அதற்குக் கொடுக்கும் தீனியும் நாம் வேண்டாமென்று தள்ளுவதுதான். வைக்கோல், கரும்புச் சக்கை, சர்க்கரை ஆலையின் மொலாசஸ், மக்காச்சோளக் கட்டை, சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் மரவள்ளித் திப்பி, வீட்டுக் காய்கறித் தோல், பழத்தோல் என எதிலும் மாவுச்சத்தோ சர்க்கரையோ நார்ச்சத்தோ இருக்கிறது. வைக்கோலில் தழைச்சத்து குறைவு என்று உழவர்கள் அறிவார்கள். வைக்கோல் மட்க நாளாவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எண்ணெய் திரள்வதற்கு அந்தக் குறைதான் தோதாக அமைகிறது. பருப்பும் முட்டையும் மீனும் கலந்த சாப்பாட்டு மிச்சத்தில் தழைச்சத்து கூடுதல். அதில் பூஞ்சை கொழுகொழுவென்று வளரும், எண்ணெய் சேர்க்காது. அதனால் அதோடு மொலாசஸ் போன்றதைச் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். எல்லாம் நிறைந்த இடத்தில் சேமிப்பு நடப்பதில்லை என்பதை மனிதக் குடும்பங்களிலும் பார்க்கிறோம்.

வைக்கோலை அப்படியே போட்டால் பூஞ்சையால் தின்ன முடியாது. நீர்த்த அமிலத்தில் வேகவைத்தோ நொதியிட்டோ அதிலுள்ள சர்க்கரையை விடுவிக்க வேண்டும். வேகவைப்பு மிஞ்சினால் ஃபர்ஃபுரால் போன்ற பொருள்கள் உண்டாகிப் பூஞ்சையையே நோகடிக்கும். காற்று, சூடு, உலர்த்தல், ஹெக்சேன் கொண்டு எண்ணெய் பிரித்தல் என்று ஒவ்வொரு படிக்கும் செலவு. விலையில் பாமாயிலோடு போட்டியிட இது இன்னும் வளரவில்லை. ஆனாலும் உணவு எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நம் நாட்டில், டீசலுக்கும் சோப்புக்குமாவது கழிவிலிருந்து எண்ணெய் எடுக்கும் வழியைக் கைவிடக் கூடாது.

முதல் உலகப் போரில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோதே ஜெர்மனியில் நுண்ணுயிர் எண்ணெய்க்கு முயன்றார்கள். 1985-ல் இங்கிலாந்தின் செல்பியில் மியூகோர் என்ற பூஞ்சையிலிருந்து காமா லினோலெனிக் அமிலம் கொண்ட எண்ணெய் விற்பனைக்கு வந்தது. அதே அமிலம் செடி விதைகளிலிருந்து மலிவாகக் கிடைக்கவே 1990-ல் உற்பத்தி நின்றுபோனது. ஆயினும் இந்தத் துறைக்கு அடித்தளம் இட்டுவந்த ஹல் பல்கலைக்கழகத்தின் காலின் ராட்லெட்ஜ் ஆய்வை விடவில்லை. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஹிடேயாகி யமடா, சகாயு ஷிமிசு குழுவினர் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த மார்ட்டியரெல்லா அல்பினா, தாய்ப்பாலில் உள்ள அராக்கிடோனிக் அமிலத்தை ஏராளமாகத் தந்தது. சுத்தமான சர்க்கரையில் வளர்த்த இந்தப் பூஞ்சையின் எண்ணெயைக் குழந்தைப் பால்மாவில் சேர்க்க அமெரிக்காவில் 2001-ல் வழி திறந்தது. சந்தையில் விலைபோகாத உழைப்பெல்லாம் வீண் என்று நினைக்கும் இளைஞர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி என் வயதுக்காரர்களுக்கு. எண்ணெய் திரண்ட பூஞ்சையை அறுவடை செய்யாமல் விட்டுவைத்தால் என்ன ஆகும்? சர்க்கரையும் தீர்ந்த பிறகு, சேர்த்த எண்ணெயைத் தானே கரைத்துத் தின்னத் தொடங்கும். ஆனால் மார்ட்டியரெல்லா அல்பினாவில் ஒரு விந்தை. அது முதலில் சாதாரணக் கொழுப்பைச் செலவழிக்கிறது. அராக்கிடோனிக் அமிலத்தை விட்டுவைக்கிறது. ஆக, வயதாக ஆக எண்ணெயின் அளவு குறைந்தாலும், மிஞ்சியதில் அருமையான சரக்கின் பங்கு கூடுகிறது.

நம் முதுமையும் இப்படித்தான். வேகம் போகும், ஞாபகம் சற்று மங்கும். ஐம்பது வருட அனுபவத்தில் தேவையற்றதெல்லாம் கரைந்து, தேறியது மட்டும் நிற்கும். என் அடுத்த வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் ஐடிஐ படிக்கும் பையன்களைத் திண்ணையில் உட்கார வைத்து, எந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிறார். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் முழுதாக இல்லை. அவர் சொல்லாமல் போனால் அவரோடே போய்விடும்.

இளையவர்களே, வளரும் காலத்தில் நன்றாக வளருங்கள். ஒரு வாய்ப்பு அடைபட்டால் உட்கார்ந்து அழாதீர்கள். கையில் மிஞ்சியிருப்பது எது என்று பாருங்கள். வீட்டுக் குப்பையில் மக்குவதையும் மக்காததையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். தரம் பிரிக்க வேண்டும் என்று 2016-லேயே விதி வந்துவிட்டது. பிரித்துக் கொடுத்தால்தான் அதில் பூஞ்சையோ புழுவோ எதையாவது விளைவிக்க முடியும். மூத்தவர்களே, சேர்த்த அறிவையும் பொருளையும் உடம்பில் வலு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். காலம் தாழ்த்தினால் அதை நாமே தின்று தீர்த்துவிடுவோம்.